அத்தியாயம் நான்கு: அடுப்பேறாத சாட்சி

ஓட்டைவாயின் உடம்பில் அன்று இரண்டு இடம் சரியில்லை. மூக்கு அடைத்திருந்தது. இடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மூக்குக்குக் காரணம் மழை. இடுப்புக்குக் காரணம் களிம்பு. முந்தின நாள் ஸ்கூட்டர் நடுத்தெருவில் படுத்துக்கொண்டபோது, பின்னால் உட்கார்ந்திருந்த தராசு அக்கா இறங்காமலே தள்ளச் சொன்னார். ஆளோடு சேர்த்து வண்டியைத் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடையில் ஒரு டப்பா வலிக் களிம்பு வாங்கித் தடவினான். வலி போய்விட்டது, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் தணலை மடியில் கட்டிக்கொண்டவன் மாதிரி ராத்திரி முழுக்கப் புரண்டான். மூக்கிலும் கொஞ்சம் தடவிப் பார்க்கலாமே என்று அக்கா சொன்னதற்கு, இடுப்பு இல்லாமல்கூடப் பிழைத்துவிடலாம், மூக்கு இல்லாமல் பெண் கிடைக்காது என்று சொல்லிவிட்டான்.

இப்போது அதே களிம்பைச் செய்கிற தொழிற்சாலையின் வாசலில்தான் இருவரும் நின்றார்கள்.

தராசு அக்கா ஒரு காலத்தில் கடை கடையாகப் போய் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் அதிகாரியாக இருந்தவர். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்வார் என்பதால் வந்த பெயர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. கல்லை விட்டு மனுஷர்களை எடைபோட ஆரம்பித்து, துப்பறிவாளர் ஆகிவிட்டார். ஓட்டைவாய் அவருடைய உதவியாள். அவன் பெயருக்கு விளக்கம் வேண்டாம். அவனிடம் சொன்ன ரகசியம் ஊரைச் சுற்றிவந்து சொன்னவர் காதிலேயே விழும், அதுவும் கைகால் முளைத்து.

பேக்கிங் கூடத்திலிருந்து கலவை மாஸ்டரின் சம்சாரம் வெளியே வந்தாள். டப்பாவுக்கு மூடி போடுவது அவள் வேலை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க ஊறியது. களிம்புக்குக் காரம் கொடுக்கிற மெந்தாலை அவள் புருஷன் பாத்திரத்திலிருந்து திருடுகிறான் என்று நாலைந்து நாளாகக் குற்றச்சாட்டு. சாயங்காலச் சங்கு ஊதும்போது போலீஸில் ஒப்படைக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மாஸ்டர் காலையிலிருந்து வாட்ச்மேன் அறையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கலவைக் கூடத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டதிலேயே பாதி உயிர் போய்விட்டதாம்.

"ஒரு கட்டி மெந்தால் வீட்டுக்கு வந்திருந்தா தெருவே மணக்காதாக்கா?" என்றாள் அவள்.

வாட்ச்மேன் தள்ளி நின்று, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், பாருங்கள் அழுகையை என்று ஓட்டைவாயின் காதில் போட்டான். தராசு அக்கா அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே நடந்தார்.

முதலாளி அறையில் முதலாளியும் முதலாளியம்மாவும் இருந்தார்கள். ஓட்டைவாய் கை கூப்பி, "வணக்கம்மா" என்றான். மூக்கு அதை "வடக்கப்பா" என்று வெளியே அனுப்பியது. முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலி போடச் சொன்னார். ஒரு அடுப்பும் ஒரு பானையுமாக இந்தத் தொழில் தொடங்கின நாளில் மெந்தாலை அளந்து போட்ட கை அவருடையது.

முதலாளியின் கணக்கு சுருக்கமானது. ஒரு பாத்திரம் களிம்புக்குப் பத்துக் கிலோ மெந்தால் போடவேண்டும். திடீரென்று லேபில் சோதித்தபோது ஏழுகூடத் தேறவில்லை. சரக்கு கெட்டுப் பெயர் போகக்கூடாதே என்று, ஸ்டோரிலிருந்து பதினைந்தாகக் கொடுக்கச் சொன்னார். இப்போது லேபில் சரியாகப் பத்து வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது? பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஒரே ஆள்.

"என் மச்சான் லேபை எடுத்து நடத்த ஆரம்பிச்ச பிறகுதான் இந்தத் திருட்டே வெளியில வந்தது மேடம். அதுக்கு முன்னாடி இருந்த பெரியவர் ஒரு டப்பா சோதிக்க ரெண்டு நாள் எடுப்பார். இவன் மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறான்."

மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று ஓட்டைவாய் முணுமுணுத்தான். மூக்கடைப்பில் அது யாருக்கும் விளங்கவில்லை. சில சமயம் சளியும் ஆளைக் காப்பாற்றும்.

கலவைக் கூடத்தை முதலாளியே திறந்துவிட்டார். அன்று வேலை இல்லை. ஆள் நின்று கிண்டும் உயரத்தில் பெரிய பாத்திரம். அதன்மேல் ஒரு மூடி. ஓட்டைவாய் அதைத் தூக்கிப் பார்க்கப் போய், இடுப்பு நினைவு வந்து விட்டுவிட்டான். மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மெந்தாலைக் கொட்டின கையோடு மூடியை இறுக்கித் திருகிவிடுவது மாஸ்டரின் வழக்கமாம். காற்றுகூடப் போகாது என்றார் முதலாளி, அதையும் ஏதோ குற்றம் மாதிரி. பாத்திரம் நிறையச் சரக்கு இருந்தும், ஓட்டைவாய் அங்கே இரண்டு தும்மல் போட்டதோடு சரி. மூக்கு அப்படியே சிமெண்ட் பூசின சுவராக நின்றது.

அடுத்தது லேப்.

தொழிலாளிகள் முதுகுக்குப் பின்னால் மச்சான் ஆபீசர் என்று கூப்பிடும் இளைஞன் வெள்ளைக் கோட்டில் வரவேற்றான். கெட்டவன் முகமில்லை. அவசரக்காரன் முகம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேஜைமேல் ஒரு சூட்டுப் பலகை, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். களிம்பைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, வற்றவைத்து, மிச்சத்தை மிஷினுக்குக் கொடுத்தால் அதில் மெந்தால் எவ்வளவு என்று அது தாளில் அடித்துத் தள்ளும். முன்பிருந்த பெரியவர், தட்டு தானாக வற்றட்டும் என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாராம். இந்தச் சூட்டுப் பலகை தன் ஏற்பாடு என்று மச்சான் ஆபீசர் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

உங்கள் சோதனை சரிதான் என்று எப்படித் தெரியும் என்று தராசு அக்கா கேட்டார். கேள்வியிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஒரு சோதனை இருக்கிறதாம். தினமும் மெந்தால் சேராத வெறும் களிம்பில் அளந்த மெந்தாலைத் தானே சேர்த்துப் பார்ப்பான். சேர்த்தது அத்தனையும் திரும்ப வரவேண்டும்.

"போட்டது போட்டபடி வரும் மேடம். நூறு போட்டா தொண்ணூத்தொம்பது. எங்க வாத்தியாரே கைதட்டுவாரு."

"உங்க வாத்தியார் கைதட்டுவாரு சார், அங்க வாசல்ல ஒருத்தர் கைவிலங்கு மாட்டிக்கப்போறாரு," என்றான் ஓட்டைவாய்.

தராசு அக்கா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். அதிகப்பிரசங்கித்தனத்துக்குத் திட்டு விழப்போகிறது என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் கேட்டது வேறு.

"டேய், இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான். எழுத்து எழுத்தாக, கழுவித் துடைத்த மாதிரி வந்தது. அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. மூக்கு திறந்திருந்தது. இரண்டு பக்கமும். மூட்டையை இறக்கிவைத்த தோள் மாதிரி முகமே லேசாக இருந்தது.

அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. முதலாளியம்மாவிடம் கொஞ்சம் பேசவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு பெண்களும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்தபோது அக்காவின் கையில் மூடி ஒட்டிய ஒரு டப்பா. ஒட்டின காகிதத்தின்மேல் முதலாளியம்மாவின் கையெழுத்து. வெறும் களிம்பில் முதலாளியம்மாவே தன் கையால் பத்து கிராம் மெந்தால் அளந்து போட்டிருக்கிறார், லேப் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று முதலாளியிடம் அக்கா சொன்னார். பிறகு ஓட்டைவாயைத் தனியாக இழுத்து, டப்பாவைக் கையில் கொடுத்து, பத்து என்பதை லேபில் மூச்சுவிடக்கூடாது என்று எச்சரித்தார்.

ஓட்டைவாய் மூச்சுவிடவில்லை. லேப் வாசல் வரைக்கும். மச்சான் ஆபீசர் டப்பாவை வாங்கிக்கொண்டு, எவ்வளவு போட்டார்கள் என்று தனக்குத் தெரியத் தேவையே இல்லை, மிஷின் சொல்லும் என்றான். கேட்டிருந்தால்கூட ஓட்டைவாய் சமாளித்திருப்பான். கேட்காமல் விட்டதுதான் தாங்கவில்லை.

"நான் சொல்லமாட்டேன் சார்," என்றான். "சொல்லணும்னா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டவேண்டியிருக்கும்."

சொல்லிக்கொண்டே விரித்தும் காட்டிவிட்டான்.

சாயங்காலம் நெருங்கியது. முதலாளி அறையில் எல்லாரும் கூடினார்கள். மாஸ்டரையும் கூட்டிவரச் சொன்னார்கள். ஐம்பது வயது இருக்கும். மூடி திருகித் திருகித் தழும்பேறிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சம்சாரம் அவருக்குப் பின்னால், கண் வழிய.

மச்சான் ஆபீசர் மிஷின் தாளை விசிறிக்கொண்டே நுழைந்தான்.

"பத்து மாமா. சுத்தமா பத்து."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். போட்டது பத்து, வந்தது பத்து, லேபில் பொட்டுக்கூடக் குறையவில்லை, அப்படியென்றால் குறைவது எங்கே என்று மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே போனை இழுத்தார். மாஸ்டரின் சம்சாரம் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டைவாய் தன் பத்து விரலையும் பார்த்தான். தான் கையை விரித்ததால்தான் அவன் பத்து என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். தன் வாயால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது. மானத்தைப் பார்த்தால் ஆகாது.

"சார், போனை வைங்க," என்றான். "பத்துன்னு நான்தான் லேப்ல சொல்லிட்டேன். வாயால இல்ல, கையால. அந்தக் கணக்கு செல்லாது."

மச்சான் ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. இவன் கையைப் பார்த்து எழுத நான் என்ன பரீட்சையில் காப்பியடிக்கிறவனா என்று கொதித்தான். தட்டில் ஊற்றியது, வற்றவைத்தது, மிஷினில் வைத்தது எல்லாம் நிஜம், தாளைப் பாருங்கள், மிஷின் சொன்னது வேறு எண் என்றால் என் படிப்பையே கிழித்துப் போடுகிறேன் என்று, கேட்காத சத்தியத்தையெல்லாம் செய்தான்.

தராசு அக்கா அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அந்தச் சத்தியத்துக்குத்தான் மத்தியானத்திலிருந்து காத்திருந்த மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பி, தலையை மட்டும் அசைத்தார்.

முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். கூடப்பிறந்தவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, புருஷனிடம் நச்சரித்து லேபில் உட்காரவைத்ததும் அவர்தான்.

"தம்பி, நான் பதினஞ்சு போட்டேன்டா."

முதலாளியின் கை போன்மேல் அப்படியே நின்றது.

"என் கையால அளந்தது. ரெண்டு தடவ அளந்தேன். பத்துன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னது இவங்க. நீ சொல்லு. பொய் சொல்லி பத்துன்னு எழுதினியா, இல்ல பதினஞ்சுல அஞ்சைத் தொலைச்சியா?"

மச்சான் ஆபீசர் தாளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பொய் என்றால் மானம் போகும். தொலைத்தேன் என்றால் கெட்டிக்காரன் பட்டம் போகும். இரண்டில் ஒன்றை இறக்கிவைத்தே ஆகவேண்டும். அவன் கெட்டவன் இல்லை என்பது அப்போது தெரிந்தது.

"பொய் சொல்லலக்கா," என்றான் மெதுவாக. "பத்துதான் வந்தது."

பதினைந்தில் ஐந்து. மூன்றில் ஒரு பங்கு. மாஸ்டர் தலையில் கட்டின அதே பங்கு. முதலாளி விரலை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

"ஆனா தினமும் சரிபார்க்கிறேனே மேடம்," என்றான் மச்சான் ஆபீசர். குரல் கெஞ்சியது. "போட்டது முழுசா வருதே."

எல்லாரையும் லேபுக்கு நடத்திப் போனார் தராசு அக்கா. வாயால் வேண்டாம், கையால் செய்துகாட்டுங்கள் என்றார். அவன் வெறும் களிம்பைக் கரைத்தான். தட்டில் ஊற்றினான். சூட்டுப் பலகையில் வைத்தான். வற்றும்வரை நின்றான். இறக்கி ஆறவைத்தான். பிறகு அளந்த மெந்தால் இருந்த சின்னக் குப்பியை எடுத்து, தட்டில் ஊற்றப் போனான்.

பாதியில் கை நின்றுவிட்டது.

"பஸ்ஸுல கடைசி ஸ்டாப்ல ஏறினவனைப் பிடிச்சு, வழி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நல்லாத்தான்பா இருந்துச்சுன்னுதான் சொல்வான்," என்றார் தராசு அக்கா. "மொத ஸ்டாப்லேர்ந்து வந்தவனைக் கேளுங்க. மாஸ்டரோட மெந்தால் இந்தச் சூட்டுப் பலகை அடுப்புல ஏறி, கொஞ்சம் ஆவியாப் பறந்த பிறகுதான் மிஷினுக்கு வருது. உங்க சாட்சி அடுப்பையே பார்க்கல."

அவன் குப்பியைக் கீழே வைத்தான். தன் வழக்கத்தைத் தானே முதல்முறையாகப் பார்க்கிறவன் மாதிரி நின்றான். விலைகூடின சரக்கு, கடைசியில் சேர்த்தால் கை அதிகம் படாது என்று ஆரம்பித்த பழக்கம். படித்த இடத்தில் முதலில் சேர்க்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முழுதாகத் திரும்பி வந்த சந்தோஷத்தில் அது மறந்தே போய்விட்டது.

ஆனாலும் முதலாளிக்கு ஒரு பிடி சந்தேகம் மிச்சமிருந்தது. சரி, இப்போது முதலிலேயே போட்டுப் பார் என்றார். அளந்ததை முதலில் சேர்த்து, தட்டைப் பலகையில் ஏற்றி, எல்லாரும் சுற்றி நின்றார்கள். மிஷின் தாளைத் துப்பியது. மூன்றில் ஒன்று காணவில்லை. கூடவே முதலாளி பெரிதாக ஒரு மூச்சை இழுத்தார். நெஞ்சில் பல வருஷமாகக் கட்டியிருந்த சளி இளகிவிட்டதாம்.

"திருட்டுப் பொருளைத் தேடி வீடு வீடா ஆள் அனுப்பினீங்களே சார்," என்றார் அக்கா. "இதோ, என் ஆளோட மூக்குல இருக்கு. பாத்திரம் நெறைய இருந்தும் கலவைக் கூடத்துல இவன் மூக்கு அசையல. இந்த நாலு தட்டு முன்னாடி வந்ததும் தெறந்துகிச்சு. ஜன்னலைத் தெறந்தா மிச்சமும் வெளிய ஓடிப்போயிரும்."

ஓட்டைவாய் மூக்கைப் பெருமையாகத் தடவிக்கொண்டான். சாட்சிக் கூண்டில் நிற்கும் உடம்பின் பாகம் தன்னுடையது மட்டும்தான் என்று ஒரு எண்ணம். பிறகு இன்னொன்று மெதுவாக மண்டையில் இறங்கியது.

"இருங்கக்கா. மாஸ்டர் எடுக்கலைன்னா, பதினஞ்சும் பாத்திரத்துக்குள்ளதான் இருக்கு. பத்து இருக்கவேண்டிய இடத்துல பதினஞ்சு." இடுப்பில் கை வைத்தான். "கடைக்குப் போன டப்பா எல்லாத்துலயுமா?"

முதலாளி உட்கார இடம் தேடினார். கொஞ்ச நாளாக, களிம்பு எரிகிறது, களிம்பு எரிகிறது என்று கடைக்காரர்கள் சொல்லியனுப்பியதை, மெந்தால் குறைந்த களிம்பு எப்படி எரியும், போட்டிக் கம்பெனிக்காரன் கிளப்பிவிடுகிறான் என்று தள்ளிவிட்டிருந்தார். அத்தனை டப்பாவையும் திரும்ப எடுத்துவரவேண்டும். எடுத்துவருகிற வேலை தம்பியுடையது, கடை கடையாக அவனே போகட்டும், கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு என்று முதலாளியம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். அவன் மறுக்கவில்லை. போவதற்கு முன் மாஸ்டர் எதிரில் வந்து நின்றான், திரும்பிப் போய், லேப் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

சாயங்காலச் சங்கு ஊதியது.

முதலாளி சட்டைப்பையிலிருந்து கலவைக் கூடத்துச் சாவியை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் பழக்கத்தில் இல்லை. அதனால் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். மாஸ்டர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சூட்டுக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

அப்போதும் அவர் சம்சாரத்தின் கண் வழிந்துகொண்டுதான் இருந்தது. முதலாளிக்கே மனசு கரைந்துவிட்டது.

"இன்னும் எதுக்கும்மா அழறே? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

அவள் முந்தானையை எடுத்து, அவசரமில்லாமல் ஒரு கண்ணைத் துடைத்தாள், அப்புறம் இன்னொரு கண்ணை.

"மொத நாள் மட்டுந்தான் சார் நான் அழுதேன்," என்றாள். "மத்ததெல்லாம் உங்க மருந்து."

வாட்ச்மேன் தரையைப் பார்த்தான். தராசு அக்கா காலையில் அந்தக் கண்ணை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று ஓட்டைவாய்க்கு அப்போதுதான் புரிந்தது. வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை உதைத்தபடியே, தன் வாயை நம்பித்தான் கையில் டப்பாவைக் கொடுத்தீர்களா என்று கேட்டான். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"சரக்கு வழியில எவ்வளவு ஒழுகும்னு தெரிஞ்சு வெச்சுகிட்டா, ஓட்டைப் பானையிலயும் தண்ணி கொண்டுபோகலாம்டா. தள்ளு, வண்டி கிளம்பல."